புரதப் படிகவியல் பீம்லைனுக்கு எந்தத் தரவுச் செயலாக்க மென்பொருள்? எக்ஸ்டிஎஸ், ஆட்டோபிராக், டயல்ஸ்: ஓர் ஒப்பீடு

இங்கிலாந்தின் ஆக்ஸ்போர்டுஷயரில், ஹார்வெல் வளாகத்தில் அமைந்துள்ள டயமண்ட் லைட் சோர்ஸ் என்னும் சிங்க்ரோட்ரான் மையம் 2007-ஆம் ஆண்டிலிருந்து ஆய்வாளர்களுக்குக் கதிர் வழங்கி வருகிறது. 561.6 மீட்டர் சுற்றளவுள்ள வளையத்தில் 3 ஜிகா எலக்ட்ரான் வோல்ட் ஆற்றலோடு சுற்றும் எலக்ட்ரான்கள் வெளிவிடும் எக்ஸ்-கதிரை, உறையவைத்த புரதப் படிகத்தின் மீது பாய்ச்சி, படிகத்தைச் சுழற்றியபடியே விளிம்பு விளைவுப் படங்களை (படிகம் சிதறடித்த கதிர் புள்ளிகளாகப் பதியும் படங்களை) எடுப்பதுதான் அங்குள்ள படிகவியல் பீம்லைன்களின், அதாவது வளையத்திலிருந்து கதிரைப் பெற்று ஆய்வு நடத்தும் நிலையங்களின், அன்றாட வேலை. ஐ03 பீம்லைனில் உள்ள ஐகர்2 எக்ஸ்இ 16எம் டிடெக்டரின் ஒவ்வொரு படத்திலும் ஏறத்தாழ 1 கோடியே 80 லட்சம் பிக்ஸல்கள் உள்ளன. ஒரு படத்துக்கு 0.1 பாகை வீதம் முழுச்சுற்று எடுத்தால் 3600 படங்கள். நொடிக்கு 500 படங்கள் என்ற வேகத்தில் அது ஏழு நொடி வேலை. பிக்ஸலுக்கு 2 பைட் என்று கணக்கிட்டால், சுருக்குவதற்கு முன் அந்த ஏழு நொடிகளின் தரவு ஏறத்தாழ 130 ஜிகாபைட் ஆகிறது.

படம் எடுப்பது இவ்வளவு விரைவானதால், பயன்பாட்டாளர் உட்கார்ந்து ஒவ்வொரு தொகுப்பையும் கையால் செயலாக்கிப் பார்க்கும் காலம் முடிந்துவிட்டது. படங்கள் வட்டில் விழுந்த உடனேயே புள்ளிகளைக் கண்டறிந்து, அவற்றுக்குக் குறியெண் (படிகத்தின் எந்தத் தளத்துக்குரிய புள்ளி என்று காட்டும் எண்கள்) இட்டு, அலகுக்கூட்டை (படிகத்தில் திரும்பத் திரும்ப வரும் மிகச் சிறிய பெட்டியை) கணித்து, ஒவ்வொரு புள்ளியின் செறிவையும் (வலிமையையும்) அளந்து, சமச்சீரைத் தீர்மானித்து, ஸ்கேலிங் (எல்லாப் படங்களின் அளவீடுகளையும் ஒரே அளவுகோலுக்குக் கொண்டுவருதல்) செய்து முடிக்கும் தானியங்கி அமைப்பு பீம்லைனுக்குப் பின்னால் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். அந்த அமைப்பை எழுதிப் பராமரிப்பது அறிவியல் நிரலாளர்களின் பொறுப்பு. அவர்கள் முதலில் எடுக்க வேண்டிய முடிவு, செறிவு அளவிடும் மையப் பணியை எந்த மென்பொருளிடம் ஒப்படைப்பது என்பது. பின்னால் எழுதப்படும் ஸ்கிரிப்டுகள், தரவுத்தளப் பதிவுகள், இணையப் பக்கங்கள் அனைத்தும் இந்த முடிவின் மீதுதான் நிற்கும் என்பதால், நான்கைந்து ஆண்டுகள் கழித்து மாற்றிக்கொள்ளலாம் என்று எண்ணி இதை எடுக்கக் கூடாது.

களத்தில் இருப்பவை பல. ஆனால் சிலவற்றை விரைவிலேயே ஒதுக்கிவிடலாம். கேம்பிரிட்ஜின் எம்ஆர்சி மூலக்கூறு உயிரியல் ஆய்வகத்தில் உருவான மோஸ்ஃபிலிம், ஒரு தலைமுறை படிகவியலாளர்களுக்குத் தொழில் கற்றுக்கொடுத்த மென்பொருள். அதன் திரை இடைமுகம் இன்றும் கற்பிப்பதற்கு அருமையானது. ஆயினும் அது ஒவ்வொரு படத்தையும் தனித்தனியே இரு பரிமாணத்தில் அணுகுவதால், ஒரே புள்ளி பல படங்களில் பரவிக் கிடக்கும் இன்றைய மெல்லிய துண்டுத் தரவுக்கு (படத்துக்கு மிகச் சிறிய சுழற்சி வீதம் எடுத்த தரவுக்கு) அது இயல்பான தேர்வு ஆகாது. எச்கேஎல்-2000 வணிக உரிமம் கொண்டது. திரையில் மனிதர் அமர்ந்து இயக்குவதை மனதில் வைத்து வடிவமைக்கப்பட்டது. எனவே தானியங்கி அமைப்பின் மையத்துக்கு உண்மையான போட்டி எக்ஸ்டிஎஸ்ஸுக்கும் டயல்ஸுக்கும் இடையேதான். ஆட்டோபிராக் என்பது எக்ஸ்டிஎஸ்ஸின் மீது கட்டப்பட்ட மூன்றாவது வழி.

எக்ஸ்டிஎஸ்: முதிர்ந்த கை

ஹைடல்பர்க் மாக்ஸ் பிளாங்க் மருத்துவ ஆய்வு நிறுவனத்தில் வொல்ஃப்காங் கப்ஷ் எழுதிய எக்ஸ்டிஎஸ்ஸின் அடிப்படை முறைகள் 1988-லேயே வெளியாகிவிட்டன. ஒரு புள்ளியைப் பல படங்களின் ஊடாக முப்பரிமாணப் பொருளாகப் பார்ப்பது, ஒவ்வொரு புள்ளியையும் எவால்ட் கோளம் என்னும் கற்பனைக் கோளத்தின் மீதுள்ள தனக்கேயுரிய ஆயமுறைக்கு மாற்றிய பின் அதன் வடிவத்தைப் பொருத்துவது என்ற அவருடைய சிந்தனை, டிடெக்டர்கள் அதற்கு ஈடுகொடுக்கும் முன்பே எழுதப்பட்டது. பிக்ஸல்தோறும் ஃபோட்டான்களை எண்ணும் பிலாட்டஸ் வகை டிடெக்டர்கள் வந்து, மெல்லிய துண்டுகளாகப் படம் எடுப்பது வழக்கமானபோது, எக்ஸ்டிஎஸ் ஏற்கெனவே ஆயத்தமாக இருந்தது. ஃபோர்ட்ரானில் எழுதப்பட்ட அதன் வேகம் இன்றும் மதிக்கத் தக்கது. ஒரே கணினியில் ஒரே தரவைக் கொடுத்தால் பெரும்பாலும் அதுவே முதலில் முடிக்கிறது. டயமண்டில் சில நிமிடங்களுக்குள் முதல் விடையைத் தருவதற்காக எழுதப்பட்ட ஃபாஸ்ட்-டிபியும் உள்ளே எக்ஸ்டிஎஸ்ஸைத்தான் இயக்குகிறது.

நிரலாளரின் பார்வையில் எக்ஸ்டிஎஸ்ஸின் பெரிய வசதி அதன் எளிமை. எக்ஸ்டிஎஸ்.ஐஎன்பி என்ற ஒரே உரைக் கோப்பில் டிடெக்டரின் தூரம், கற்றை விழும் இடம், அலைநீளம், சுழற்சி அச்சு, படங்களின் பெயர் வடிவம் என எல்லாமே அடங்கிவிடும். அந்தக் கோப்பையும் படங்களையும் வைத்திருப்பவர் உலகின் எந்த மூலையிலும் அதே கணக்கை மறுபடி செய்து பார்க்கலாம். கான்ஸ்டன்ஸ் பல்கலைக்கழகத்தின் கே டீடரிக்ஸும் மற்றவர்களும் சேர்ந்து வளர்த்திருக்கும் குறிப்புகள், துணை ஸ்கிரிப்டுகள் ஆகியவற்றின் துணையோடு, ஒரே ஒரு நிரலாளர் மட்டும் இருக்கும் பீம்லைனிலும் சில வாரங்களில் ஓடக்கூடிய அமைப்பைக் கட்டிவிடலாம்.

சிக்கல், அது நின்றுபோகும் இடங்களில் தொடங்குகிறது. குறியெண் இடும் படியில், கண்டறிந்த புள்ளிகளில் பாதிக்கும் குறைவானவையே பொருந்தினால் எக்ஸ்டிஎஸ் பிழைச்செய்தி கொடுத்து நின்றுவிடும். தங்கள் அளவுகோல்கள் சற்றுக் கடுமையானவை, விரும்பினால் 'ஜாப்' வரியை மாற்றிவிட்டு மேலே செல்லலாம் என்று அந்தச் செய்தியே சொல்கிறது. கையால் செயலாக்குபவருக்கு இது நல்ல அறிவுரை: அவர் பட்டியலைப் பார்ப்பார், பனி வளையங்கள் உள்ளனவா, படிகம் இரட்டையாக ஒட்டியிருக்கிறதா, கற்றையின் மையம் தவறாகக் கொடுக்கப்பட்டிருக்கிறதா என்று யோசிப்பார், பிறகு முடிவெடுப்பார். தானியங்கி ஸ்கிரிப்டுக்கு அந்தப் பகுத்தறிவு கிடையாது. பெரும்பாலான ஸ்கிரிப்டுகள் செய்தியில் அந்தச் சொற்றொடரைத் தேடி, கண்டதும் வரியை மாற்றி மறுபடி ஓட்டுகின்றன. படிகம் இரட்டையாக இருந்தால் அதனால் கெடுதல் அதிகமில்லை. ஆனால் கற்றையின் மையம் ஒரு புள்ளி இடைவெளி அளவுக்குத் தவறியிருந்தால், எல்லாக் குறியெண்களும் ஒன்று தள்ளி விழுகின்றன. செறிவுகள் சரியாகவே அளக்கப்பட்டு, தவறான பெயர்களோடு அடுத்த படிக்குப் போகின்றன. உண்மையான சமச்சீர் பொருந்தாமல், தாழ்ந்த சமச்சீர் உள்ள ஒரு பயனற்ற விடை வருகிறது. இந்த ஆபத்தை உணர்த்தும் அட்டவணை எக்ஸ்டிஎஸ்ஸின் குறியெண் பதிவேட்டிலேயே இருக்கிறது. மாற்றுத் தொடக்கப் புள்ளிகளை அது முயன்று பார்த்து, ஒவ்வொன்றும் எவ்வளவு பொருந்துகிறது என்று அச்சிட்டு வைக்கிறது. ஆயினும் அதைப் படித்துப் புரிந்துகொள்ளும் நிரலை நாம்தான் எழுத வேண்டும். மனிதர் படிப்பதற்காக அச்சிடப்பட்ட அட்டவணை அடுத்த பதிப்பில் ஓர் இடைவெளி மாறினாலும் அந்த நிரல் உடைந்துபோகும்.

இரண்டாவது சிக்கல், மூலநிரல் நம் கையில் இல்லை என்பது. எக்ஸ்டிஎஸ் இயங்கு கோப்பாக மட்டுமே வழங்கப்படுகிறது. ஒவ்வொரு வெளியீட்டுக்கும் காலாவதி நாள் உண்டு. குறிப்பிட்ட நாள் கடந்ததும் பழைய பதிப்பு ஓட மறுக்கும். புதியதை நிறுவியாக வேண்டும். கல்வி நிறுவனங்களுக்கு இலவசம். வணிகப் பயன்பாட்டுக்கு உரிமம் தேவை. மருந்து நிறுவனங்கள் பணம் செலுத்திக் கதிர் நேரம் வாங்கும் மையங்களில் இந்த வேறுபாடு வெறும் காகித விவரம் அல்ல: எந்தத் தொகுப்பு எந்த வகைப் பயன்பாட்டாளருடையது என்பதைத் தானியங்கி அமைப்பே அறிந்து, அதற்கேற்ப மென்பொருளைத் தேர்ந்தெடுக்க வேண்டியிருக்கும். இதை நான் குறையாகச் சொல்லவில்லை. பல பத்தாண்டுகள் உழைத்து ஒரு கருவியைக் கூர்தீட்டி இலவசமாகக் கொடுத்தவருக்கு, அதை எப்படி வழங்குவது என்று தீர்மானிக்க முழு உரிமை உண்டு. ஆனால் 24 மணி நேரமும் ஓடும் ஒரு பொதுச் சேவையை அதன் மீது கட்டுபவர், காலாவதி நாளை நாட்காட்டியில் குறித்து வைத்திருக்க வேண்டும்.

புதிய கோப்பு வடிவங்கள் வரும்போதும் இதே நிலைதான். ஐகர் டிடெக்டர்கள் எச்டிஎஃப்5 வடிவில் தரவை எழுதத் தொடங்கியபோது, எக்ஸ்டிஎஸ் ஒரு நல்ல கதவைத் திறந்துவைத்தது: படத்தை வாசிக்கும் வேலையை வெளியே எழுதப்பட்ட ஒரு நூலகத்திடம் விட்டுவிடலாம். டிடெக்டர் நிறுவனம் நெக்கியாவையும், டயமண்ட் டூரினையும் இப்படி எழுதின. இந்தக் கதவு படத்துக்கு மட்டுமே. டிடெக்டரின் நிலை, அச்சின் திசை போன்ற வடிவியல் விவரங்களை முன்போலவே ஐஎன்பி கோப்பில் நாமே எழுதித் தர வேண்டும்.

ஆட்டோபிராக்

கேம்பிரிட்ஜில் உள்ள குளோபல் ஃபேஸிங் நிறுவனத்தின் ஆட்டோபிராக், எக்ஸ்டிஎஸ்ஸை உள்ளே வைத்துக்கொண்டு, மேலே சொன்ன மனிதப் பகுத்தறிவின் ஒரு பகுதியை நிரலாக எழுதியிருக்கிறது. பனி வளையங்களை ஒதுக்குவது, குறியெண் தோற்றால் வேறு அளவுருக்களோடு மீண்டும் முயல்வது, ஒரே படிகத்தின் பல சுழற்சிகளை ஒன்றாக அணுகுவது ஆகியவற்றை அது பொறுமையாகச் செய்கிறது. அதன் தனிச்சிறப்பு ஸ்டார்அனிஸோ. சில படிகங்கள் ஒரு திசையில் நுட்பமாகவும் மற்றொரு திசையில் மங்கலாகவும் கதிரைச் சிதறடிக்கும். அப்படிப்பட்ட தரவில் எல்லாத் திசைக்கும் ஒரே பிரிதிறன் எல்லையை (எவ்வளவு நுண்ணிய விவரம் வரை தரவை ஏற்பது என்பதை) வைத்தால் நல்ல தரவு வீணாகும், அல்லது வெறும் இரைச்சல் உள்ளே வரும். ஸ்டார்அனிஸோ திசைக்கேற்ப எல்லையை மாற்றுகிறது. சவ்வுப் புரதங்களோடு வேலை செய்பவர்களுக்கு இது பெரும் உதவி. இதற்கான விலை நேரம்தான்: பல முயற்சிகளைச் செய்வதால் விடை தாமதமாக வரும். அடுத்த படிகத்தை எப்படி எடுப்பது என்று பீம்லைனில் காத்திருப்பவருக்கு இது ஏற்றதல்ல. வீட்டுக்குத் திரும்பிய பின் கட்டமைப்பைத் தீர்க்க உட்காருபவருக்கு இதைவிட நல்ல கோப்பு பல நேரங்களில் கிடைக்காது.

டயல்ஸ்: திறந்த நிரலும் அதன் கடமைகளும்

டயல்ஸ், டயமண்டும் அமெரிக்காவின் லாரன்ஸ் பெர்க்லி தேசிய ஆய்வகமும் சிசிபி4 என்னும் படிகவியல் மென்பொருள் கூட்டமைப்பும் சேர்ந்து வளர்த்தது; அதன் முதன்மைக் கட்டுரை 2018-இல் வெளியானது. வேகம் தேவைப்படும் பகுதிகள் சி++ மொழியிலும், வேலையை ஒழுங்குபடுத்தும் பகுதிகள் பைதானிலும் எழுதப்பட்டுள்ளன. மூலநிரல் முழுவதும் பிஎஸ்டி உரிமத்தின் கீழ் திறந்திருப்பதால், கல்வி நிறுவனம், மருந்து நிறுவனம் என்ற வேறுபாடு இல்லாமல் எவரும் இயக்கலாம், திருத்தலாம். படங்களை இறக்குவது, புள்ளி தேடுவது, குறியெண் இடுவது, திருத்துவது, செறிவு அளப்பது, சமச்சீர் காண்பது, ஸ்கேலிங் செய்வது என்று ஒவ்வொரு படிக்கும் ஒரு தனிக் கட்டளை. ஒவ்வொன்றின் முடிவிலும் வடிவியலைச் சொல்லும் கோப்பு ஒன்றும், புள்ளிகளின் அட்டவணை ஒன்றும் கிடைக்கும். வடிவியல் கோப்பைச் சாதாரண உரைத் திருத்தியில் திறந்து படிக்கலாம். பைதானில் மூன்று வரிகளில் உள்ளே இழுத்து நமக்கு வேண்டிய கணக்கைச் செய்துகொள்ளலாம். இந்தத் தனித்தனிப் படிகளைச் சேர்த்துத் தானாக ஓட்டுவதற்கு, கிரேம் விண்டர் எழுதி 2010-இல் வெளியிட்ட சியா-2 இருக்கிறது. எக்ஸ்டிஎஸ்ஸையும் டயல்ஸையும் இரண்டையுமே அது இயக்கும்.

என்னைப் பொறுத்தவரை டயல்ஸின் உண்மையான வலிமை, படத்தை வாசிக்கும் அடுக்கில் இருக்கிறது. டிஎக்ஸ்டிபிஎக்ஸ் என்ற அந்த நூலகத்தில் ஒவ்வொரு டிடெக்டருக்கும், தேவைப்பட்டால் ஒவ்வொரு பீம்லைனுக்கும், ஒரு சிறு வகுப்பு எழுதப்பட்டிருக்கும். கோப்பைத் திறந்தவுடன் நூலகம் ஒவ்வொரு வகுப்பிடமும் 'இது உன்னுடைய படமா?' என்று கேட்கும். பொதுவான வகுப்பு 'ஆம்' என்ற பின், அதிலிருந்து கிளைத்த குறிப்பான வகுப்புகளிடமும் அதே கேள்வி போகும். மிகக் குறிப்பானது எதுவோ அதற்கே வேலை. ஒரு பீம்லைனில் கோனியோமீட்டர் (படிகத்தைச் சுழற்றும் கருவி) மற்ற இடங்களுக்கு எதிர்த்திசையில் சுழல்கிறது, ஆனால் கோப்பின் தலைப்பில் அந்த விவரம் இல்லை என்று வைத்துக்கொள்வோம். இத்தகைய தரவை அப்படியே செயலாக்கினால் குறியெண் இடுதல் தோற்றுப்போகும், அல்லது தோற்காமல் நடந்து பொருளற்ற அலகுக்கூட்டைத் தரும். டயல்ஸில் இதற்கான திருத்தம், டிடெக்டரின் வரிசை எண்ணைப் பார்த்துத் தன்னை அடையாளம் கண்டுகொண்டு, சுழற்சி அச்சை மட்டும் மாற்றித் தரும் சில பத்து வரிகள். அந்த வரிகள் பொது வெளியீட்டில் சேர்ந்துவிட்டால், பயன்பாட்டாளர் தன் ஊரில் தன் மடிக்கணினியில் அதே படங்களைத் திறக்கும்போதும் அச்சு சரியாகவே இருக்கும். எக்ஸ்டிஎஸ் வழியில் சுழற்சி அச்சின் வரியை நாம் மாற்றியது நம் ஸ்கிரிப்டோடு நின்றுவிடும். அவர் அதை அறியாமல் பல மணி நேரம் போராட நேரிடும்.

வழக்கத்துக்கு மாறான கருவிகளில் இந்த வடிவமைப்பின் பயன் இன்னும் தெளிவாகத் தெரிகிறது. டயமண்டின் ஐ23 பீம்லைனில், நீண்ட அலைநீள எக்ஸ்-கதிரைக் காற்று விழுங்கிவிடும் என்பதால், படிகம், டிடெக்டர் அனைத்தும் வெற்றிடக் கலத்துக்குள் வைக்கப்பட்டுள்ளன. அங்குள்ள பிலாட்டஸ் 12எம் தட்டையானது அல்ல. 120 சிறு தகடுகள் அரை உருளையாக வளைந்து படிகத்தைச் சூழ்ந்து நிற்கின்றன. எக்ஸ்டிஎஸ்ஸிலும் டிடெக்டரைத் துண்டுகளாகப் பிரித்து, ஒவ்வொன்றின் திசையையும் எழுதிக் கொடுக்க வழி உண்டு, வேலை நடக்கும். டயல்ஸிலோ, டிடெக்டர் என்றாலே தகடுகளின் தொகுதி என்றுதான் தொடக்கத்திலிருந்தே எழுதப்பட்டிருக்கிறது. தட்டையான டிடெக்டர் அதன் ஒரு தனிநிலை, அவ்வளவே. ஒன்றின் மேல் ஒன்றாக ஒட்டிய இரு படிகங்களின் அணிக்கோவைகளை ஒருங்கே குறியெண் இட்டுத் திருத்துவதும், ஆயிரக்கணக்கான நுண்படிகங்களிலிருந்து தலா ஒரே ஒரு அசையாப் படம் எடுக்கும் தொடர் படிகவியலும் இந்த அமைப்புக்குள் இயல்பாகவே பொருந்துகின்றன. எக்ஸ்டிஎஸ் சுழற்சித் தரவுக்காகவே பிறந்தது. மிகச் சிறிய சுழற்சிகள் வரை அதை இழுக்கலாம், அசையாப் படத்துக்கு இழுக்க முடியாது.

இனி இதன் செலவைச் சொல்ல வேண்டும். திறந்த நிரல் என்பதால் அது தானே தன்னைப் பராமரித்துக்கொள்ளாது. டயல்ஸை நிறுவுவது என்றால் பைதானையும், டஜன் கணக்கான துணைத் தொகுப்புகளையும், சிசிடிபிஎக்ஸ் என்ற பெரிய படிகவியல் நூலகத்தையும் ஒன்றோடொன்று ஒத்துப்போகும் பதிப்புகளில் வைத்திருக்க வேண்டும். பைதான் 2-க்கான ஆதரவு 2020 ஜனவரியோடு நின்றபோது, இத்தகைய நிரல்கள் அனைத்தையும் பைதான் 3-க்கு நகர்த்த வேண்டியிருந்தது. படிகவியலுக்குத் துளியும் சம்பந்தமில்லாத அந்த வேலையைப் படிகவியல் நிரலாளர்கள்தான் செய்தார்கள். கட்டளைகளின் இயல்பு அளவுருக்கள் பதிப்புக்குப் பதிப்பு மாறுவதும் உண்டு. எக்ஸ்டிஎஸ் பயனரோ பத்தாண்டுக்கு முந்தைய ஐஎன்பி கோப்பைச் சிறு திருத்தத்தோடு இன்றும் ஓட்டுகிறார்.

நினைவகமும் கவனிக்க வேண்டிய ஒன்று. செறிவு அளக்கும்போது டயல்ஸ் ஒவ்வொரு புள்ளியைச் சுற்றியும் உள்ள பிக்ஸல்களை ஒரு பெட்டியாகச் சேர்த்து நினைவகத்தில் வைத்துக்கொள்கிறது. படிகத்தின் ஒழுங்கு குறைவாக இருந்து புள்ளிகள் பல பாகைகளுக்குப் பரவினால் இந்தப் பெட்டிகள் பெருத்துவிடும்; நினைவகம் போதாதபோது, இணையாக ஓடும் பணிகளின் எண்ணிக்கையை அது குறைத்துக்கொள்ளும். 64 கருக்கள் (கோர்) கொண்ட சர்வரில் பத்துப் பணிகள் மட்டும் ஓடுவதைப் பார்த்துக் கணினி நிர்வாகி கேள்வி எழுப்புவார். சர்வர் வாங்கும்போது கருக்களின் எண்ணிக்கையை மட்டும் பார்க்காமல், ஒரு கருவுக்கு எவ்வளவு நினைவகம் என்று கணக்கிட்டு வாங்கினால் இந்தத் தொல்லை பெரும்பாலும் தீரும்.

எண்களை எப்படிப் படிப்பது

மென்பொருள்களை ஒப்பிடுபவர் எல்லோரும் முதலில் செய்வது, ஒரே தரவை இரண்டிலும் ஓட்டி, முடிவில் வரும் அட்டவணைகளை அருகருகே வைப்பது. அட்டவணையில் எதன் ஆர் மதிப்பு (ஒரே புள்ளியின் பல அளவீடுகள் தங்களுக்குள் எவ்வளவு முரண்படுகின்றன என்ற எண்) சிறியதோ அதுவே சிறந்தது என்ற முடிவுக்கு வருவது மிக எளிது. மிகத் தவறானதும் அதுதான். இரண்டும் ஒரே பிரிதிறனில் வெட்டப்படவில்லை என்றால் மொத்த ஆர் மதிப்பை ஒப்பிடுவதற்கு அடிப்படையே இல்லை. ஒரே பிரிதிறனில் வெட்டினாலும், எது அதிகமான அளவீடுகளை விலகலானவை என்று சொல்லித் தூக்கி எறிகிறதோ அதன் ஆர் மதிப்பு அழகாக இருக்கும். செறிவுக்கும் பிழைக்கும் உள்ள விகிதமும் இப்படியே: பிழையை மதிப்பிடும் முறை மென்பொருளுக்கு மென்பொருள் வேறுபடுவதால், அந்த விகிதம் தரவைப் பற்றிச் சொல்வதைவிடப் பிழை மதிப்பீட்டைப் பற்றியே அதிகம் சொல்லலாம். கார்ப்ளஸும் டீடரிக்ஸும் 2012-இல் முன்வைத்த சிசி 1/2, அளவீடுகளைத் தற்செயலாக இரு பாதியாகப் பிரித்து அவற்றுக்கிடையேயான தொடர்பைப் பார்ப்பதால், பிழை மதிப்பீட்டின் தாக்கம் அதில் குறைவு. அதுகூட முறையான பிழைகளைக் காட்டாது. இரு பாதியிலும் ஒரே தவறு இருந்தால் இரண்டும் ஒத்துப்போகத்தான் செய்யும்.

அத்தகைய முறையான பிழைக்கு ஒரு நல்ல எடுத்துக்காட்டு பின்னணி அளவீடு. ஃபோட்டானை எண்ணும் டிடெக்டரில், மெல்லிய துண்டுகளாக, குறைந்த கதிரில் எடுத்த படத்தில் ஒரு புள்ளியைச் சுற்றியுள்ள பிக்ஸல்களில் பெரும்பாலும் 0 அல்லது 1 என்ற எண்ணிக்கைதான் இருக்கும். இங்கே எண்ணிக்கைகள் பாய்ஸான் பரவலைப் பின்பற்றுகின்றன. மணிவடிவப் பரவலை எண்ணி எழுதப்பட்ட முறையில் விலகல்களை ஒதுக்கினால், 3, 4 என்று நேர்மையாக வந்த பிக்ஸல்கள் தூக்கி எறியப்பட்டு, பின்னணி உண்மையைவிடக் குறைவாக மதிப்பிடப்படும். பின்னணி குறைந்தால் அதைக் கழித்து வரும் செறிவு கூடும். வலிமையான புள்ளிகளில் அது தெரியாது, வலுவற்ற புள்ளிகளில் மொத்தமும் திரிந்துபோகும். அந்தத் திரிபு புள்ளிவிவரச் சோதனைகளில் படிகம் இரட்டுற்றது (வெவ்வேறு திசையில் அமைந்த பகுதிகள் ஒன்றாகக் கலந்தது) போன்ற பொய்த் தோற்றத்தைக் கூடத் தரும். டயல்ஸ் குழு 2016-இல் இந்தச் சிக்கலை விரிவாக ஆராய்ந்து, பாய்ஸான் பரவலுக்கேற்ற பின்னணி மாதிரியைப் புகுத்தியது. மூலநிரல் திறந்திருந்ததால் இந்த மாற்றத்தின் ஒவ்வொரு வரியையும் எவரும் சரிபார்க்க முடிந்தது என்பதை நான் இங்கே அழுத்திச் சொல்ல விரும்புகிறேன்.

இன்னொரு செய்தியும் ஒப்பிடுபவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். டயல்ஸின் இயல்பான புள்ளி வடிவ மாதிரி, கப்ஷ் பதிப்பித்த முறையையே அடியொற்றியது. ஆகவே எக்ஸ்டிஎஸ்ஸும் டயல்ஸும் ஒரே விடையைச் சொன்னால், அதை இரண்டு முற்றிலும் வேறுபட்ட சாட்சிகளின் கூற்றாகக் கொள்ள முடியாது. பின்னணி, வடிவியல் திருத்தம், ஸ்கேலிங் ஆகியவற்றில் அவை தனித்தனி வழியில் செல்கின்றன. வடிவப் பொருத்தத்தில் உறவினர்கள்.

எனவே நம்பத் தக்க ஒப்பீடு அட்டவணைக்கு அப்பால்தான் நடக்க வேண்டும். கட்டமைப்பு ஏற்கெனவே தெரிந்த படிகத்தின் தரவை இரண்டு மென்பொருளிலும் செயலாக்கி, ஒரே பிரிதிறன் எல்லை, ஒரே தொடக்க மாதிரி, ஒதுக்கிவைத்த ஒரே சோதனைப் புள்ளிகள் என்ற நிபந்தனையோடு மாதிரியைத் தரவுக்குப் பொருந்தும்படி திருத்தி, எந்தத் தரவு சோதனைப் புள்ளிகளை நன்றாக முன்கூட்டிச் சொல்ல உதவுகிறது என்று பார்க்கலாம். கந்தகம் அல்லது செலினியம் உள்ள படிகமானால், அசாதாரணச் சிதறல் வரைபடத்தில் அந்த அணுக்களின் இடத்தில் எழும் முகடுகளின் உயரத்தை ஒப்பிடலாம். செறிவுகளுக்கிடையேயான மிகச் சிறிய வேறுபாடுகளிலிருந்து அந்த முகடு எழுவதால், அளவீட்டின் தரத்தை அது ஒளிவுமறைவில்லாமல் காட்டிவிடும். நல்ல படிகங்களில் இந்தச் சோதனைகள் இரண்டையும் ஏறத்தாழச் சமமாகவே காட்டும் என்று எதிர்பார்க்கலாம். வேறுபாடு எழுவது கெட்ட படிகங்களில். அங்கேயும் எப்போதும் ஒரே மென்பொருள் வெல்வதில்லை.

எல்லாவற்றையும் ஓட்டினால் என்ன?

பெரிய மையங்கள் இன்று செய்வது இதைத்தான். டயமண்டிலும் பிரான்சின் கிரெனோபிளில் உள்ள இஎஸ்ஆர்எஃப் மையத்திலும், ஒரு தொகுப்பு எடுக்கப்பட்டதும் பல செயலாக்கங்கள் இணையாகத் தொடங்கி, அவற்றின் முடிவுகள் மையத்தின் தரவுத்தளத்தில் பதிவாகி, பயன்பாட்டாளரின் திரையில் வரிசையாக வந்து நிற்கின்றன. கணினி நேரம் செலவானாலும், ஒன்று தோற்ற இடத்தில் மற்றொன்று வெல்வதால் எவருடைய தரவும் வீணாவதில்லை. இந்த நன்மையை நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் தேர்வை இது தள்ளிப்போடுகிறதே தவிர, தீர்ப்பதில்லை. ஐந்து வரிகளில் மூன்று ஒரு சமச்சீரையும் இரண்டு வேறொன்றையும் சொல்லும்போது, முதன்முறை பீம்லைனுக்கு வந்திருக்கும் ஆய்வு மாணவி எதைப் பதிவிறக்குவாள்? பெரும்பாலும் சிறிய ஆர் மதிப்பு உள்ளதை. மேலே விளக்கிய காரணங்களால் அது சரியான விதி அல்ல. ஆகவே எத்தனை வழிகள் ஓடினாலும், அவற்றில் ஒன்றை மையம் தன் பொறுப்பில் முதன்மை விடையாக முன்வைக்க வேண்டும். மற்றவை அதைச் சரிபார்க்க நிற்க வேண்டும். சமச்சீரிலோ அலகுக்கூட்டிலோ முரண்பாடு எழுந்தால் அதைத் திரையில் வெளிப்படையாக எச்சரிக்கையாகக் காட்ட வேண்டும்.

முதன்மை இடத்துக்கு, குறைந்தது இரண்டு மூன்று நிரலாளர்களைப் பணியில் வைத்திருக்கக்கூடிய மையத்துக்கு நான் டயல்ஸையே பரிந்துரைப்பேன். அதன் எண்கள் எப்போதும் சிறந்தவை என்பதற்காக அல்ல. இரவு இரண்டு மணிக்கு டிடெக்டரின் மென்பொருள் புதுப்பிக்கப்பட்டு, கோப்பின் தலைப்பில் ஒரு சொல் மாறி, எல்லாச் செயலாக்கங்களும் வரிசையாகத் தோற்கத் தொடங்கும்போது, காரணத்தை மூலநிரலில் கண்டுபிடித்து விடியும் முன் திருத்த முடிவது அதில்தான். பொதுப் பணத்தில் நடக்கும் ஒரு சேவை தன் மையக் கருவியைத் தானே பழுதுபார்க்கும் திறனை வைத்திருக்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். இரண்டாவது வழியாக ஆட்டோபிராக்கை அதன் ஸ்டார்அனிஸோவோடு ஓட்டலாம். இதனால் எக்ஸ்டிஎஸ்ஸின் விடையும் கூடவே கிடைத்துவிடும். விரைவான முதல் பார்வைக்கு ஃபாஸ்ட்-டிபி போன்ற எக்ஸ்டிஎஸ் அடிப்படையிலான சிறு வழி இன்னும் பொருத்தமானது.

ஒரே ஒரு நிரலாளர், அவரும் பாதி நேரம் பீம்லைனில் பயன்பாட்டாளர்களுக்கு உதவுபவர் என்ற நிலையில் உள்ள சிறிய பீம்லைனுக்கு இந்த வரிசையைத் திருப்பிவிடுவேன். சி++ தொகுப்புகளோடு மல்லாட அவருக்கு நேரம் இருக்காது. எக்ஸ்டிஎஸ்ஸும் ஆட்டோபிராக்கும் முதன்மையாக இருக்கட்டும், டயல்ஸின் ஆயத்த வெளியீட்டைச் சிக்கலான படிகங்களுக்கு மட்டும் வைத்துக்கொள்ளட்டும். வணிகப் பயன்பாட்டாளர்களே பெரும்பான்மை என்றால், எந்த ஒப்பீட்டுக்கும் முன் உரிமங்களைப் பேசி முடிக்க வேண்டும். தொடர் படிகவியல்தான் பீம்லைனின் நோக்கம் என்றால் டயல்ஸுக்கும் எக்ஸ்டிஎஸ்ஸுக்கும் இடையே ஒப்பிட எதுவும் இல்லை, டயல்ஸ்தான்.

முடிவை உறுதிசெய்வதற்கு முன் ஒரு சோதனைத் தொகுதியைச் சேர்த்துக்கொள்வது அவசியம். பீம்லைன்களில் வழக்கமாகப் பயன்படும் லைசோசைம், தௌமாட்டின், இன்சுலின் படிகங்களை மட்டும் வைத்தால் போதாது. அவற்றில் எந்த மென்பொருளும் தோற்காது. நீண்ட அச்சுள்ள அலகுக்கூடு, பனி வளையங்கள், ஒட்டிய இரட்டைப் படிகம், கதிரால் சிதைந்த படிகம், சமச்சீரே இல்லாத பி1, ஒரு திசையில் மட்டும் மங்கும் சிதறல் ஆகியவற்றுக்கு ஒவ்வொன்றாவது அதில் இருக்க வேண்டும்; கற்றையின் மையத்தை வேண்டுமென்றே தவறாக எழுதிய தலைப்புள்ள தொகுப்பு ஒன்றும் சேர வேண்டும். இந்தத் தொகுதியை அழிக்க முடியாத வட்டில் வைத்து, எந்த மென்பொருளின் புதிய பதிப்பு வந்தாலும் அதை உற்பத்திக்கு விடும் முன் தொகுதி முழுவதையும் மறுபடி ஓட்டி, அலகுக்கூடு, சமச்சீர், அசாதாரண முகடுகள், செலவான நேரம், நினைவகம் ஆகியவற்றை முந்தைய பதிப்போடு ஒப்பிட வேண்டும். அந்த ஒப்பீட்டை நிரலாளர் ஒருவர் மட்டும் பார்த்து முடிவெடுக்காமல், பீம்லைன் விஞ்ஞானி ஒருவரும் உடன் அமர்ந்து பார்த்த பிறகே புதிய பதிப்பு பயன்பாட்டாளர்களிடம் போக வேண்டும்.